1970 எம்ஜிபி காரில் ஆயில் கசிவு: எஞ்சினை இறக்குவதற்கு முன் எதைப் பார்ப்பது?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்)

வணக்கம். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பா ஆசையாக வாங்கி ஓட்டிய 1970ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (மேற்கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இப்போது என்னிடம் இருக்கிறது. 1798 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள். ஊருக்குள் ஓட்டும்போது கசிவு அதிகம் தெரிவதில்லை. ஆனால், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏரிக்கரையில் நிறுத்தினால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்துக்கு நேர் கீழே ஒரு ரூபாய் நாணய அளவில் கறுப்புத் துளி விழுந்து, டீ குடித்துவிட்டு வருவதற்குள் உள்ளங்கை அளவுக்குப் பரவிவிடுகிறது. இடப்பக்கத்திலிருந்து ஆயில் கருகும் வாடையும் வருகிறது. பின்பக்க கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, எஞ்சினை இறக்கியாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். க்ளட்ச் வழுக்கவில்லை, எஞ்சின் சூடான பிறகும் ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 60 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கவில்லை. இவ்வளவு பெரிய வேலைக்குச் சம்மதிக்கும் முன், காரணம் அதுதான் என்று உறுதிசெய்துகொள்ள வழி உண்டா?

பதில் (ஓசூர்)

விழும் ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில். கசிவு கியர்பாக்ஸில் இருக்கிறது என்று பொருள்.

பதில் (நாமக்கல்)

மேலே சொன்ன சோதனை பல கார்களுக்குப் பொருந்தும், இந்தக் காருக்குப் பொருந்தாது. இதன் கியர்பாக்ஸிலும் எஞ்சினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ50 ஆயில்தான் என்பதால் வாடையை வைத்துப் பிரிக்க முடியாது. நிறத்தைப் பாருங்கள்: கறுத்திருந்தால் எஞ்சின் ஆயிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கியர்பாக்ஸ் மேடையின் மேலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் கிடைக்கும் டிப்ஸ்டிக்கில் அளவு குறைகிறதா என்றும் சில நாள் கவனியுங்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கருகல் வாடை. பின்பக்க சீலில் கசியும் ஆயில் பெல் ஹவுசிங்குக்குள் (க்ளட்சைச் சுற்றியுள்ள உறை) இறங்கி அடியிலுள்ள துளை வழியாகச் சொட்டுமே தவிர, சூடான சைலன்சர் குழாயைத் தொடுவது அரிது. ஆனால் இந்த எஞ்சினில் இடப்பக்கம், மேனிஃபோல்டுகளுக்குக் (காற்றும் புகையும் போகும் குழாய்த் தொகுதிகள்) கீழே, டேப்பட்டுகள் (வால்வுகளை இயக்கும் சிறு உருளைகள்) இருக்கும் அறையை மூடும் தகடுகள் இரண்டு இருக்கின்றன. அவற்றின் கார்க் கேஸ்கட் காய்ந்து சுருங்கினாலோ, கசிவை நிறுத்துவதாக நினைத்து யாராவது நடு போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கித் தகட்டை வளைத்திருந்தாலோ, ஆயில் பிளாக்கின் பக்கவாட்டில் வழிந்து, மலை ஏறும் சாய்வில் பின்னோக்கி ஓடி, சீல் கசிவு விழும் அதே இடத்தில் வந்து சொட்டும். பாவம், மெக்கானிக்கைக் குறை சொல்வதற்கில்லை. கீழிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆறிய எஞ்சினை டீசலும் பிரஷும் கொண்டு சுத்தமாகக் கழுவி, ஒரு துளி ஈரம் இல்லாமல் உலரவிட்டு, இடப்பக்கம் முழுவதும் சாதாரண முகப் பவுடரைத் தூவுங்கள். பிறகு நான்கைந்து வளைவு மட்டும் ஏறி நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் கறுத்த கோடு எங்கே தொடங்குகிறதோ அதுவே கசியும் இடம். எஞ்சினின் உச்சியை மூடும் ராக்கர் கவரின் பின்மூலையையும், வலப்பக்கம் பிளாக்கின் பின்னாலிருந்து பிரஷர் மீட்டருக்குப் போகும் ஹோஸையும் விட்டுவிடாதீர்கள்; அந்த ஹோஸ் வெடித்தால் நடுவழியில் ஆயில் முழுவதும் போய்விடும்.

கேஸ்கட் மாற்றுவதோடு நிறுத்திவிட வேண்டாம். முன்பக்கத் தகட்டோடு சேர்ந்திருக்கும் பிரீதர் டப்பாவிலிருந்து கார்புரேட்டர்களுக்கு ஒரு ஹோஸ் போகும். டப்பாவுக்குள் இருக்கும் கம்பிவலை அடைத்துக்கொண்டால், தொடர்ந்து ஏறும்போது உள்ளே சேரும் வாயு வெளியேற வழியின்றி, எந்தக் கேஸ்கட் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிவிடும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் வாயின் மேல் ஒரு தாளை வையுங்கள். தாளை உள்ளே இழுத்தால் நல்லது. எழும்பிப் பறந்தால் பிரீதர் அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

மேலே சொன்ன சோதனைக்குத் தவிர, சரிசெய்யும் வரை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். சூடான குழாயில் விழும் ஆயில் தீப்பிடிக்கக்கூடியது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. உங்கள் பதிலைப் படிக்கும் முன்பே கோரிமேட்டில் வைத்துக் கழுவியிருந்ததால், உலர்ந்ததும் பவுடர் தூவி ஐந்தாவது வளைவு வரை மட்டும் போய்த் திரும்பினேன். பின்பக்க டேப்பட் தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு கோடு விரல் அகலத்தில் இறங்கியிருந்தது. அதற்கு மேலே பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. ஐடிலில் வைத்த தாள் எழும்பியது. மேனிஃபோல்டைக் கழற்றித் தகடுகளை எடுத்தபோது, கார்க் பிஸ்கட்போல நொறுங்கி விழுந்தது. பிரீதர் டப்பாவின் வலை தார் பூசியதுபோல் அடைத்திருந்தது. அதை இரவு முழுவதும் பெட்ரோலில் ஊறவைத்துச் சுத்தம் செய்தோம். வளைந்திருந்த தகட்டைத் தட்டி நேராக்கி ரப்பர் கேஸ்கட் போட்ட பிறகு தாளை உள்ளே இழுக்கிறது.

நேற்று ஏற்காடு வரை போய் வந்தேன். கருகல் வாடை இல்லை. பெல் ஹவுசிங் துளையில் மட்டும் ஒரு துளி தொங்கியது, கீழே விழவில்லை. அந்த சீலை அடுத்து க்ளட்ச் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக்கும் ஒப்புக்கொண்டார்.