மண்டபம் கடற்கரை மணலில் ஜூனிபர் காய்கிறது: உப்பா, வேரா?

மண்டபம் வாசி:
கடலிலிருந்து 300 மீட்டரில் வீடு. நர்சரியில் வாங்கிய ஜூனிபர் (ஊசியிலை அலங்காரச் செடி) இரண்டு: ஒன்று தரையில் படர்வது, ஒன்று நிமிர்ந்து வளர்வது. மணலில் வைத்து எட்டு மாதம். தினமும் காலையில் அரைக்குடம் போர் தண்ணீர், இலை நனைய. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஆரம்பித்ததும் மேற்குப் பக்க நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டது. படர்வதில் உள்பக்கம் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. ஒட்ட வெட்டிவிட்டால் துளிர்க்குமா?

உச்சிப்புளி தோட்டம்:
ஒட்ட வெட்டாதீங்க! இலையில்லாத பழைய கட்டையிலிருந்து ஜூனிபர் துளிர்க்காது. நகத்தால் பட்டையைச் சுரண்டுங்க. பச்சை தெரிந்தால் உயிர் இருக்கு, விட்டுடுங்க. பழுப்பாக இருந்தால் அந்தக் கிளையை மட்டும் எடுங்க.

சாம்பல் பூச்சு செம்பேனாக (சாறு உறிஞ்சுகிற கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன சிலந்திப்பேன்) இருக்கலாம். கிளைக்கு அடியில் வெள்ளைத்தாள் பிடித்துத் தட்டுங்க. விழுகிற தூசியில் புள்ளி புள்ளியாக ஏதாவது நகர்ந்தால் பேன்தான். நல்ல தண்ணீரை ஹோஸில் வேகமாக, அடியிலிருந்து மேலாகப் பீய்ச்சணும். மூணு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு வாரம். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கிற கந்தகத்தூள்) அடிக்கிறதென்றால் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு. 32 டிகிரிக்கு மேல் அடித்தால் கந்தகமே இலையைக் கருக்கிவிடும். வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரமாவது கந்தகம் ஆகாது.

கீழக்கரை மாடித்தோட்டம்:
மேற்குப் பக்கம் மட்டும் காய்ந்தால் உப்புக்காற்றுதான். பனையோலைத் தட்டி ஒன்று மூன்றடி தள்ளி நிறுத்துங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், காற்று அதன்மேல் ஏறிச் செடி மேலேயே சுழன்று விழும்.

தண்ணீர் விடும் முறையும் தப்பு. உவரான போர் தண்ணீர் இலையில் படவே கூடாது. தினமும் கொஞ்சம் ஊற்றினால் மேல்மண்ணில் உப்புத்தான் சேரும். நான்கு நாளைக்கு ஒருமுறை, நல்ல தண்ணீர், வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு ஊற்றுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். நர்சரிச் செடி பெரும்பாலும் களி கலந்த செம்மண் உருண்டையோடு வரும். அதை அப்படியே மணலில் புதைத்தால், ஒருமுறை காய்ந்த உருண்டைக்குள் தண்ணீர் நுழையாது, சுற்றி இருக்கிற மணலில் ஓடிவிடும். மேலே ஈரம் இருக்கும், நடுவேர் காய்ந்து கிடக்கும். வேர் செத்துச் சில வாரம் கழித்துத்தான் இலை பழுப்பாகும். அதனால் நேற்று செய்ததை வைத்துக் காரணம் தேடாதீர்கள். மெல்லிய கம்பியால் உருண்டையில் ஐந்தாறு இடம் குத்தி, மெதுவாக நீர் விடுங்கள்.

மண்டபம் வாசி:
தாளில் தட்டினேன், புள்ளிகள் ஓடுகின்றன. கம்பி உள்ளே போகவே சிரமம், உருண்டை கல்லாக இருக்கிறது. தொட்டிக்கு மாற்றலாமா?

உச்சிப்புளி தோட்டம்:
இப்ப வேண்டாம், இந்தக் காற்றில் வேரைத் தொட்டால் செடி போயிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் மாற்றுங்க. 14 அங்குல மண்தொட்டி, பருமனான ஆற்றுமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கின தொழு உரம் அரைப் பங்கு. தென்னை நார்க்கழிவு சேர்த்தால் மூணு தடவை அலசிடுங்க, அதிலேயே உப்பு இருக்கு. காலை வெயில் படணும், இரண்டு மணிக்கு மேல் நிழல்.

கீழக்கரை மாடித்தோட்டம்:
வேலிக்காக வைத்திருந்தால் ஜூனிபரை விட்டுவிடுங்கள். ஜப்பான் கடற்கரை மணலிலேயே வளரும் ஜூனிபர் இனம் ஒன்று உண்டு, உப்பைத் தாங்கும். ஆனால் அது குளிர்காலம் கண்ட செடி, நம் ஊர்ப் புழுக்க இரவுகள் அதற்கு ஒத்துவராது. சவுக்கை நெருக்கி நட்டு அடிக்கடி கத்தரித்தால் அதே ஊசியிலைத் தோற்றம் வரும். வேலி கடலை ஒட்டி இருந்தால் சங்கங்குப்பிச் செடி போதும்.