பகாவ் மண்டபத்தில் குயர் ஆய்வு பற்றிப் பேசக்கூடாதா?

கிராணி மகள்: மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் ஊரில் இருக்கும் எங்கள் வாசகர் வட்டம், ஒருபாலீர்ப்பு, பாலினம் பற்றிய படிப்பான குயர் ஆய்வுகள் குறித்து இந்த மாதம் தமிழில் பேச நினைத்தது. கேட்டிருந்த மண்டபத்தில் "குடும்பங்கள் வந்துபோகும் இடம்" என்று கைவிரித்துவிட்டார்கள். என்ன பேச இருந்தோம் என்றாவது கேளுங்கள். ஆண் ஆணை நாடுவது ஒரு செயலாக இருந்தது போய், அப்படி நாடுபவனே தனி வகை மனிதன் என்று 19ஆம் நூற்றாண்டு மருத்துவம் முத்திரை குத்தியதைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ 1976இல் எழுதினார். ஆண்மையும் பெண்மையும் பிறப்போடு முடிந்துபோகிற காரியமல்ல, நடையிலும் உடையிலும் பேச்சிலும் அன்றாடம் செய்து செய்து உருவாவது என்றார் அமெரிக்கச் சிந்தனையாளர் ஜூடித் பட்லர், 1990இல். இதில் குடும்பம் கெட என்ன இருக்கிறது?

பால்மரத்து ராஜு: தங்கச்சி, தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தாங்க. லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, இருந்தவங்க வீடில்லாம டவுனுக்கு வந்தாங்க. தமிழ்ப்பள்ளியில பிள்ளைங்க குறையுது. நம்ம ஆளுங்க கூடி உட்கார்றதே அபூர்வம். அதையும் பாரிஸ்காரர், அமெரிக்காக்காரர் எழுதுனதுக்குக் கொடுக்கணுமா? யாரையும் தொந்தரவு பண்ணச் சொல்லல. அவங்கவங்க வாழ்க்கை அவங்கவங்களுக்கு. மேடை போட்டுப் பேசறதுதான் எனக்கு ஒப்பல.

கிராணி மகள்: ராஜு அண்ணே, கப்பலில் வந்தது ஆய்வு மட்டுமா? 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், ஆண் ஆணோடு கூடுவது போன்றவற்றை "இயற்கைக்கு மாறானது" என்று குற்றமாக்கும் 377ஆம் பிரிவை எழுதியது வெள்ளைக்காரன். அந்தச் சட்டத்தைப் பார்த்து 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் ஒன்று செய்தான். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு நடப்பது குற்றமில்லை என்றது. இங்கே மலேசியாவில் அதே வழி வந்த 377ஏ, 377பி பிரிவுகள் இன்னும் இருக்கின்றன: இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படி. இந்த வட்டாரத்தின் பழைய நிலைமை வேறு. சுலாவெசித் தீவின் பூகிஸ் மக்களின் பிஸ்ஸு, சரவாக்கின் இபான் மக்களின் மனாங் பாலி என்று, ஆண் பெண் கோட்டைத் தாண்டியவர்கள் சடங்கு நடத்தி மதிப்போடு வாழ்ந்ததை மானிடவியலாளர் மைக்கேல் பெலெட்ஸ் 2009இல் புத்தகமாக எழுதினார். நம் சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் பேடும் ஒன்று.

பால்மரத்து ராஜு: பேடாடல், காமன் பேடி வேடம் கட்டி ஆடுனது. கூத்துல இடம் இருந்துச்சுன்னா வீட்டுல மதிப்பு இருந்துச்சுன்னு அர்த்தமா? பிடிச்ச வரியை மட்டும் பொறுக்கி எடுத்தா அது ஆராய்ச்சி இல்ல.

ஜெம்போல் வாத்தியார்: ராஜுவின் கேள்வி சரியானது, அம்மா. குயர் ஆய்வுத் துறைக்குள்ளேயே சண்டை உண்டு. மேற்கத்திய அமைப்புகள் தங்கள் அடையாளப் பெயர்களை அரபு நாடுகளில் கொண்டுபோய்ப் பரப்பியதால், அதுவரை கண்டும் காணாமல் விடப்பட்ட ஒருபாலுறவுக்காரர்கள் மேல் அரசின் கண் விழுந்தது என்று ஆய்வாளர் ஜோசப் மசாட் 2007இல் வாதிட்டார். நம் நெகிரி செம்பிலானையே பாருங்கள். ஆண் பெண்ணுடை அணிவதைத் தடுக்கும் மாநில ஷரியா பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் சொன்னது. மறு ஆண்டே கூட்டரசு நீதிமன்றம், வழக்கு தொடுத்த முறை தவறு என்று அதைத் தள்ளிவிட்டது. அது முஸ்லிம்களுக்கான சட்டம்தான். ஆனாலும் சின்ன ஊரில் வெளிச்சம் போட்டால் அடி யாருக்கு விழும் என்று எனக்குக் கவலை.

செம்பனைக்காரி: நான் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த திருநங்கை. வாத்தியார் ஐயா, "கண்டும் காணாமல்" என்பதை நான் வாழ்ந்து பார்த்தவள். பள்ளியில் அடித்தபோது காணவில்லை. நேர்காணலில் அடையாள அட்டையில் ஆண் என்றிருப்பதைப் பார்த்து முகம் மாறியபோதும் யாரும் காணவில்லை. ராஜு அண்ணன் வீடில்லாமல் போனதைச் சொல்கிறார். எனக்கும் அதுவேதான் பிரச்சினை. வாடகைக்கு வீடு கேட்டால் என் குரலைக் கேட்டதும் "ஆள் வந்தாச்சு" என்கிறார்கள்.

கிராணி மகள்: அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் பிடித்த பகுதி ஆவணத்தைப் படிக்கும் முறைதான். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி கூட்டிவந்த முதல் தலைமுறையில் பெரும்பாலோர் தனி ஆண்கள். 1938இல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை அப்படித் தனியாகவும் வந்துகொண்டிருந்தார்கள். லயத்தில் யார் யாரோடு வாழ்ந்தார், யார் யாருக்குக் கஞ்சி வைத்தார்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுப் புத்தகத்தில் பெயரும் நாள் வேலைக் கணக்கும் மட்டும்தான். அந்த மௌனத்தை நம் ஆசைக்கேற்ப நிரப்பக் கூடாது என்று அஞ்சலி அரோண்டேகர் போன்ற ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். ராஜு அண்ணனின் பேடாடல் கேள்விக்கும் அதே எச்சரிக்கைதான். எல்லாரும் மனைவி மக்களோடுதான் இருந்தார்கள் என்று எழுதுவதும் நிரப்புவதுதானே? தோட்ட வரலாறு எழுதும் நம்மவர்களில் இதைக் கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. அது எனக்கு வலிக்கிறது.

பால்மரத்து ராஜு: செம்பனைக்காரி, வீடு விஷயம் இப்படின்னு எனக்குத் தெரியாது, தனியா மெசேஜ் போடுங்க, டவுன்ல ரெண்டு பேரைக் கேட்டுப் பார்க்கிறேன். தங்கச்சி, கூட்டம் பத்தி என் எண்ணம் மாறல. தத்துவத்துல ஆரம்பிச்சீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்.

கிராணி மகள்: சரி அண்ணே. முதல் அரை மணி நேரம் வேலையும் வாடகையும். அக்கா சம்மதித்தால் அவரே பேசட்டும். ஃபூக்கோ அப்புறம் வரட்டும். சாப்பாட்டுக்கடை மாடியைக் கேட்டிருக்கிறோம், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.