எரிவாயுக் கிணறுகளில் குப்பைச்சாறு நிற்கிறது: பம்ப் பற்றி ஆலோசனை வேண்டும்

வணக்கம். அடியில் கசிவைத் தடுக்கும் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பு இல்லாத பழைய நகராட்சிக் குப்பைக்கிடங்கு. மேலே மண்மூடி போட்டாயிற்று. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு குப்பை மக்கி வரும் வாயுவை உறிஞ்சி எடுக்கும் எரிவாயுக் கிணறுகளின் துளையிட்ட குழாயில் பாதிக்கு மேல் குப்பைச்சாறு (குப்பையிலிருந்து வடியும் கழிவுநீர்) நிற்கிறது. துளைகள் மூழ்கினால் வாயு வராது. அதற்காக உறிஞ்சலைக் கூட்டினால் மூடியின் விரிசல் வழியே காற்று உள்ளே இறங்குகிறது. இரண்டு கிணறுகளில் ஆக்சிஜன் 5 சதவீதத்தைத் தாண்டி, வெப்பம் 58 டிகிரிக்குப் போனது. உள்ளே தீப்பற்றும் அபாயம் என்பதால் அவற்றின் வால்வுகளை இறுக்கிவிட்டோம். உள்ளே தீ இருந்தால் காட்டிக்கொடுக்கும் கார்பன் மோனாக்சைடு பார்க்க வாயு மாதிரி ஆய்வகத்தில் இருக்கிறது.

மீத்தேன் உள்ள இடம், சாதாரண மின்மோட்டார் கூடாது. அழுத்தக் காற்றில் ஓடும் பம்ப் போட்டவர்கள் இருக்கிறீர்களா? சுண்ணாம்புப் படிவும் சேறும் பம்பின் உள்ளிருக்கும் மிதவையை அடைக்குமே, எத்தனை நாளுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுகிறீர்கள்? எந்த அமிலம்?

இன்னொன்று. நிலத்தடி நீர் ஓடும் திசையிலுள்ள கண்காணிப்புக் கிணற்றில் பிஹெச் குறைந்து, பைகார்பனேட் ஏறியிருக்கிறது. குளோரைடும் அம்மோனியாவும் அசையவில்லை. சாறு கசிந்திருந்தால் குளோரைடு ஏறாமல் இருக்காது. ஆகவே வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மண் வழியே பரவி நீரில் கரைகிறது என்றே நினைக்கிறேன். இதை உறுதிசெய்ய, கண்காணிப்புக் கிணற்றின் மூடிக்கடியில் மீத்தேன் அளந்தால் போதுமா, மண்ணுக்குள் உள்ள வாயுவை அளக்கத் தனியாக மண்வாயுக் குழாய்கள் இறக்க வேண்டுமா?