புதுப்பிப்பு: ஹட்டன் வீட்டு ஹோலுக்கு 5.1 செட்டா, சவுண்ட்பாரா?

போன மாதம் கேட்டிருந்தேன்: பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹோல், தகரக் கூரை, கையில் 50,000 ரூபாய், டிவி சத்தத்துக்கு எதை வாங்கலாம் என்று: சுற்றிலும் வைக்கும் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் (அடிச்சத்தத்துக்கான தனிப் பெட்டி) உள்ள 5.1 செட்டா, டிவிக்கு முன்னால் வைக்கும் ஒரே நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாரா? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சப்வூஃபரோடு வரும் 2.1 சவுண்ட்பார் (இடம், வலம் என இரண்டு சனல், கூடவே ஒரு சப்வூஃபர்) எடுத்தேன். சோபா சுவரோடு ஒட்டியிருந்தால் 5.1 செட்டின் பின் ஸ்பீக்கருக்கு இடமே இருக்காது என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் சரியாக வந்தது.

முதல் நாள் சத்தமே வரவில்லை. எச்டிஎம்ஐ வயரை டிவியில் ஏஆர்சி (டிவி சத்தத்தை சவுண்ட்பாருக்கு அனுப்பும் வழி) என்று எழுதிய இடத்தில் மாற்றிக் குத்தி, டிவி செட்டிங்கில் ஓடியோவை பிசிஎம்முக்கு (சுருக்காத சாதாரண ஓடியோ வகை) மாற்றியதும் வந்தது.

எதிர்பாராதது ஒன்று: சப்வூஃபரை மூலையில் வைத்ததும் தகரமும் அம்மாவின் சாமிப் படக் கண்ணாடியும் கிணுகிணுத்தன. மூலையைவிட்டு இரண்டடி தள்ளி, அடியில் ரப்பர் கால்மிதி போட்டேன், அடங்கிவிட்டது. பெருமழையில் மட்டும் வசனம் பிடிபடவில்லை. வொய்ஸ் மோட் போட்டால் ஓரளவு கேட்கிறது.