மறுமொழி: இரு கண்ணாடி, நடுவே காற்று – சொல் வேண்டும்

வணக்கம்.

வீட்டுச் சன்னல் பொருத்தும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 12 முதல் 16 மில்லிமீட்டர் இடம் விட்டு, விளிம்பைச் சுற்றி அடைத்து, உள்ளே உலர்ந்த காற்றோ ஆர்கன் என்னும் வளியோ நிரப்பி ஆலையிலேயே ஒரே பாளமாகச் செய்து அனுப்புவார்களே, அதற்கு ஒரு சொல் வேண்டும். "ஈரடுக்குக் கண்ணாடி" என்று போட்டு வைத்திருக்கிறேன். சரிதானா?
– ந.

அன்புள்ள ந.,

முதலில் சன்னலை விடுங்கள், அது போர்த்துகீசிய வரவு. காலதர் இருக்கிறதே! கால் காற்று, அதர் வழி. சிலம்பிலேயே "மான்கண் காலதர்" உண்டு. கண்ணாடிக்கும் ஆடி போதும். உயிர் வந்தால் இரு 'ஈர்' ஆகும். ஈராயிரம் போல ஈராடி. மூன்று தகடு என்றால் மூவாடி.

ஆர்கனையும் ஏன் விடவேண்டும்? 1894இல் ராலேயும் ராம்சேயும் அதைக் கண்டறிந்தார்கள். எதனோடும் வினைபுரியாமல் கிடப்பதால் கிரேக்கத்தில் சோம்பேறி என்று பொருள்படும் பெயர் அமைந்தது. நமக்குத்தான் சோம்பலுக்கு மடி என்று குறளே தந்த சொல் இருக்கிறதே, மடியின்மை தனி அதிகாரம். மடிவளி என்போம்.
– புலவர் க.

ஐயா, காற்று புகாமல் அடைத்த பொருளுக்குக் காலதர் என்றா பெயர் வைப்பது? ஈராடி என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஈரம்தான் காதில் விழுகிறது. இந்தப் பாளத்துக்கு வரும் நோயே அதுதான். விளிம்பில் இரண்டு அடைப்பு இருக்கும். உள்ளே பியூட்டைல், நீராவியைத் தடுக்க. வெளியே சிலிக்கோனோ பாலிசல்பைடோ, தகடுகளைப் பிடித்து நிறுத்த. இடைச்சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள். சன்னல் சட்டத்தின் அடிப்பள்ளத்தில் தண்ணீர் தேங்கி விளிம்பு ஊறிக்கொண்டே இருந்தால் அடைப்பு விட்டுப்போகும், மணிகளும் உறிஞ்சி ஓய்ந்துவிடும். அப்புறம் கண்ணாடிகளுக்கு நடுவே பனி படியும். எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாது, பாளத்தையே மாற்ற வேண்டியதுதான். ஆகவே ந., அடியில் வைக்கும் தாங்குகட்டைகள், வடிதுளைகள் பற்றிய பத்தியைப் பெயரைவிடக் கவனமாகப் பாருங்கள். பிசின் வைப்பவர் வடிதுளையையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போவது சர்வ சாதாரணம்.

"ஈரடுக்கு" கூடவே கூடாது. நடுவே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியும் ஈரடுக்குதான். அது உடைந்தால் சிதறாது, நல்லது. ஆனால் வெப்பத்தை மறிப்பதில் ஒற்றைக் கண்ணாடியைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யாது. சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, ஒற்றைக் கண்ணாடி ஏறக்குறைய 5.7 வாட் கடத்தும். நடுவே காற்று நின்றால் 2.8. ஆர்கனும், வெப்ப உமிழ்வைக் குறைக்கும் வெள்ளிப் பூச்சும் சேர்ந்தால் 1.1 பக்கம் வரும். வேலை செய்வது நடுவில் நிற்கும் வளி. பெயரில் அது தெரியட்டும். இடைவளிக் கண்ணாடி.
– த. (சன்னல் பொருத்துபவன்)

மாணவர்களுக்கு "வெப்பக்காப்பு" பழகிய சொல். காப்புக் கண்ணாடி என்றால் என்ன?
– ஆசிரியை வ.

பாதுகாப்புக் கண்ணாடி என்று படிப்பார்கள் அம்மா. உடையாது என்று நம்பிக் குழந்தையை அதன்மேல் சாய விடுவார்கள்.
– த.

ஈரத்துக்கு அஞ்சுபவர்கள் மூவாடியைப் பாருங்கள். மூவா என்றால் மூப்படையாத. மூப்படையாத ஆடி! நீடித்து உழைக்கும் சன்னலுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா?
– புலவர் க.

அந்தப் பொருளில் மூவா + ஆடி, மூவாவாடி ஆகும் ஐயா. உடம்படுமெய்யை விழுங்கிவிட்டீர்கள். அதோடு மூவாடி என்றால் ஒருவர் மூன்று கண்ணாடி என்பார், ஒருவர் மூப்படையாதது என்பார், கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து விலை சொல்வார்.

ருமேனிய மொழியில் இந்த வகைச் சன்னலுக்கு 'டெர்மோபான்' என்றே பெயர். தெர்மோபேன் என்ற அமெரிக்க வணிகப் பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது. நாம் உடம்படுமெய்யில் நின்றுகொண்டிருந்தால் இங்கும் அதுதான் நடக்கும்.
– இ.

எல்லாருக்கும் நன்றி. இடைவளிக்கு மூன்று பேர், ஈராடிக்கு ஒருவர், மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள் போல. ஒரே சிக்கல், மெய்ப்புப் பார்ப்பவர் ஒவ்வொரு இடத்திலும் அதை "இடைவெளி" என்று திருத்தி அனுப்புகிறார். முதல் இடத்தில் விளக்கிவிட்டு, பிறகு வெறும் "கண்ணாடிப் பாளம்" என்று விட்டுவிடப் போகிறேன். சன்னல் சன்னலாகவே இருக்கும்.
– ந.

உங்கள் விருப்பம். என் ஓட்டு காலதருக்கே என்று பதிவு செய்துகொள்ளுங்கள். அடைத்திருப்பது கண்ணாடிப் பாளம்தான். கதவைத் திறந்தால் காற்று வரத்தானே செய்யும்?
– புலவர் க.