பாலும் வேர்க்கடலையும் ஆகாத பிள்ளைக்குக் காலையில் என்ன கொடுக்கிறீர்கள்?

ஈரோட்டிலிருந்து:

என் மகனுக்கு ஐந்து வயது. பாலும் வேர்க்கடலையும் அவனுக்கு ஆகாது. எட்டு மாதத்தில் முதல்முறையாகத் தயிர்சாதம் ஊட்டியபோது, வாயைத் துடைப்பதற்குள் உதட்டைச் சுற்றித் தடிப்பு எழும்பிவிட்டது. வேர்க்கடலைச் சங்கதி பின்னால் ஒரு கடலைமிட்டாயில் தெரிந்தது. எங்கள் பக்கமோ கடலைக்காடு. மாமியார் வீட்டில் தாளிப்பது முதல் பலகாரம் சுடுவது வரை செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்தான். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் பெரும்பாலும் போய்விடும், செக்கெண்ணெயில் தங்கிவிடும் என்றார் மருத்துவர். ஊரே தேடிப்போய் வாங்குகிற எண்ணெய் என் பிள்ளைக்கு மட்டும் ஆகவில்லை.

இட்லி, இடியாப்பம், புட்டு எதிலும் பாலும் இல்லை, கடலையும் இல்லை. மேலே ஊற்றுவதும் பக்கத்தில் வைப்பதும்தான் என் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

போன வருடம் ஒரு கல்யாணம். காலைப் பந்தியில் பரிமாறியவரிடம், "அண்ணா, இது என்ன சட்டினி?" என்று கேட்டேன். "தேங்காய்ச் சட்டினிங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, தேங்காயும் இருந்தது. கெட்டியாக வருவதற்காக வறுத்த வேர்க்கடலையையும் போட்டு அரைத்திருந்தார்கள். இரண்டாவது இட்லி முடிவதற்குள் இருமல், வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு. மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. "பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, இதில் அரைத்திருக்கிறீர்களா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறேன், அதுவும் சமையல்காரரிடமே போய்.

வீட்டில் வாரம் இரண்டு நாள் சந்தகை (இடியாப்பம் போல அரிசியில் பிழிவது), தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றி. மற்ற நாட்களில் கேழ்வரகுப் புட்டு, தோசை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தேங்காய்ப் பால் பெயரில்தான் பால், அதில் கால்சியம் சொற்பம். அதனால் மருத்துவர் தனியாக மருந்தும் கொடுத்திருக்கிறார். வெண்பொங்கலுக்குத் தேங்காய் எண்ணெயில் மிளகு தாளிக்கிறேன். "நெய் இல்லாமல் அது என்ன பொங்கல்?" என்று அத்தை இன்னும் முகம் சுளிக்கிறார். உருக்கிய நெய்யிலும் பால் புரதம் துளி தங்கியிருக்கும் என்று எத்தனை முறை சொல்வது!

திருச்சியிலிருந்து:

அக்கா, உங்களுக்குச் சட்டினி, எனக்குப் பெருங்காயம். என் மகளுக்குக் கோதுமை ஆகாது. ரவை, மைதா, சேமியா எல்லாமே கோதுமையிலிருந்து வருபவை என்று நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும் சாம்பார் ஊற்றி இட்லி சாப்பிட்ட நாளெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தாள். உளுந்தைச் சந்தேகித்தேன், துவரம்பருப்பைச் சந்தேகித்தேன், கத்தரிக்காயைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் ஒருநாள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், கோதுமை மாவு! கடையில் விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் ஏதாவது ஒரு மாவு கலந்திருக்கும். அரிசி மாவு கலந்ததைத் தேடி வாங்கினேன், சொறி நின்றது.

2020ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள்படி பால், முட்டை, மீன், கோதுமை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா முதலியவை இருந்தால் பாக்கெட்டில் தனியாகக் குறிப்பிட வேண்டும். அந்தப் பட்டியலில் எள் இல்லை. எள் ஆகாத பிள்ளை இருக்கும் வீட்டில் இட்லிப் பொடி பாக்கெட்டின் சேர்மானங்களை வரி விடாமல் படியுங்கள். சத்துமாவு பாக்கெட்டையும்தான், அதில் எது இருக்கும் எது இருக்காது என்று யாராலும் ஊகிக்க முடியாது. எங்கள் வீட்டில் காலையில் அரிசி உப்புமா, அவல், குதிரைவாலிப் பொங்கல் என்று ஓடுகிறது.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா:

என் பேத்திக்குப் பசும்பால் ஆகாது என்றார்கள். பசும்பால்தானே ஆகாது என்று, மருமகள் இல்லாத நேரத்தில் ஆட்டுப்பால் காய்ச்சிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கண் இமை வீங்கிவிட்டது. இரண்டின் புரதமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இப்போது தினமும் காலையில் குழந்தைக்குக் கம்பங்கூழ் நான்தான் கரைக்கிறேன், மோர் சேர்க்காமல், சின்ன வெங்காயத்தோடு.

ஈரோட்டிலிருந்து:

ஐயா, எங்கள் அத்தையிடம் உங்கள் கதையைப் படித்துக் காட்டினேன். எதுவும் சொல்லாமல் நெய்க்கிண்ணத்தை எடுத்து மேல்தட்டில் வைத்தார்.

திருச்சித் தோழி, அரிசி உப்புமாவுக்கு நொய்யை வறுத்துக்கொள்வீர்களா, அப்படியே போடுவீர்களா? நாளைக் காலை செய்ய வேண்டும்.