போரா மிலுட்டினோவிச்: ஐந்து நாடுகள், ஐந்து உலகக் கோப்பைகள், நாம் கவனித்த ஆட்டங்கள்

நடுக்களம்

1986 மெக்சிகோ, 1990 கோஸ்டாரிகா, 1994 அமெரிக்கா, 1998 நைஜீரியா, 2002 சீனா. வரிசையாக ஐந்து கால்பந்து உலகக் கோப்பைகளில் ஐந்து அணிகளுக்குக் கோச் போரா மிலுட்டினோவிச். முதல் நான்கும் குரூப் சுற்றைத் தாண்டின. அவர் அணிகளின் ஆட்டங்களில் கவனித்ததை எழுதுங்கள். வெறும் புகழ்ச்சி வேண்டாம், எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

நான் தொடங்கி வைக்கிறேன். 1944-ல் செர்பியாவில் பிறந்தவர். பெல்கிரேடின் பார்ட்டிசானில் ஆடிவிட்டு பிரான்ஸ் போய் மொனாக்கோ, நீஸ், ரூவான், கடைசியாக மெக்சிகோவின் பூமாஸ் கிளப். ஆட்டக்காரராகப் பெரிய நட்சத்திரம் கிடையாது. ஆனால் பூமாஸில் ஆடி முடித்து 1977-ல் அதே அணிக்குக் கோச் ஆனார் பாருங்கள், அங்கேதான் அஸ்திவாரம் விழுந்தது. 1980-81 லீக் பட்டமும் வந்தது. 1986-ல் மெக்சிகோ பல்கேரியாவை 2-0 என்று தோற்கடித்தபோது கோல் போட்ட நெக்ரெட்டே, சர்வீன் இருவருமே பூமாஸ் ஆட்கள். நெக்ரெட்டே உடம்பை அந்தரத்தில் சாய்த்து, பந்து தரையைத் தொடும் முன்பே இடது காலால் கத்தரிபோல வெட்டி அடித்த கோல் அது. தேசிய அணிக்குப் பயிற்சி நாட்கள் எப்போதும் குறைவு. ஒரே கிளப்பில் சேர்ந்து ஆடிப் பழகியவர்கள் இருந்தால் அந்தக் குறை பாதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது_கோல்கீப்பர்

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் கோஸ்டாரிகாதான். போட்டிக்குச் சில மாதங்களே இருக்கும்போது பொறுப்பேற்றார். வந்ததும் பெயர் பெற்ற சில மூத்த வீரர்களைக் கழற்றிவிட்டார், ஊரே கொந்தளித்தது. அவருக்குத் தேவைப்பட்டது ஓடி ஓடி இடைவெளியை அடைக்கிற ஆட்கள். பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் நடுவே எதிரணி பந்தை வாங்கித் திரும்ப இடமே கொடுக்கக் கூடாது, பந்து கிடைத்தால் நேராக முன்னால் போக வேண்டும். குறைந்த நாட்களில் சொல்லிக்கொடுக்க முடிந்ததும் அவ்வளவுதான்.

ஜெனோவாவில் ஸ்காட்லாந்தை 1-0 (கயாசோ, 49-வது நிமிடம்). டூரினில் பிரேசிலிடம் தோல்வி, அதுவும் ஒரே கோலில். அந்த ஆட்டத்துக்கு அணி டூரினின் கிளப்பான யுவென்டஸ்போலக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் இறங்கியது. உள்ளூர்க் கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்கிற வேலை! பிறகு ஸ்வீடன்: முதலில் கோல் வாங்கி, 75-ல் ஃப்ளோரஸ் சமன் செய்தார், 87-ல் மெட்ஃபோர்ட் ஓடிப்போய் முடித்தார்.

அடுத்து செக்கோஸ்லோவாக்கியாவிடம் 4-1 என்று ஏன் உடைந்தார்கள்? கோல்கீப்பர் கொனேகோவுக்குக் காயம். மாற்றாக வந்தவர் உயரப் பந்துகளுக்கு வெளியே வரத் தயங்கினார், ஸ்குஹ்ராவி தலையாலேயே மூன்று கோல் போட்டார். தற்காப்பை நம்பி நிற்கிற அணிக்கு முதல் கோல்கீப்பர் இல்லையென்றால் மொத்தக் கணக்கும் தப்பிவிடும்.

ஆஃப்சைடு கொடி

மூன்றாவது_கோல்கீப்பர் சார், சுவர் கட்டுவதில் போராவை மிஞ்ச ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்பதுதான் என் கேள்வி.

1986 காலிறுதியில் மேற்கு ஜெர்மனியின் பெர்டோல்டுக்கு 65-வது நிமிடத்தில் ரெட் கார்டு. கூடுதல் நேரத்தில் அகிரே வெளியேறும்வரை மெக்சிகோவுக்கு ஓர் ஆள் அதிகம். ஆட்டம் 0-0, பெனால்டியில் 4-1 தோல்வி. 1994 ஜூலை 4-ல் அமெரிக்கா பிரேசிலுடன் ஆடியபோதும் அதே கதை. 43-வது நிமிடத்தில் லியோனார்டோவின் முழங்கை ராமோஸின் மண்டையைப் பதம் பார்க்க, பிரேசில் பத்துப் பேராகிறது. ஆனால் அமெரிக்காவின் ஆட்டத்தை நடத்திய ராமோஸும் மருத்துவமனைக்குப் போய்விட்டார், நடுக்கள வீரர் ஹார்க்ஸ் ஏற்கெனவே தடையில். பந்தை முன்னே கொண்டுபோக ஆளே இல்லை. 72-ல் ரொமாரியோ கொடுக்க, பெபேட்டோ முடித்தார்.

பந்து நம்மிடமே இருக்கும்போது எதிரணியைப் பிரித்து உடைப்பதற்கு வருடக்கணக்கில் சேர்ந்து ஆட வேண்டும். அவர் பெரும்பாலும் நாடுநாடாக மாறிக்கொண்டே இருந்தவர், அந்த நேரம் அவருக்குக் கிடைக்கவில்லை.

நடுக்களம்

அமெரிக்காவில் நேரம் கிடைத்ததே! 1991 முதல் இருந்தார். அப்போது அங்கே பெரிய லீக் எதுவும் இல்லை, எம்எல்எஸ் என்கிற இன்றைய அமெரிக்க லீக் தொடங்கியது 1996-ல்தான். வேறு வழியில்லாமல் கலிஃபோர்னியாவின் மிஷன் வியேகோவில் தேசிய அணியையே ஒரு கிளப்போல வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 1993-ல் இங்கிலாந்தை 2-0, உலகக் கோப்பையில் கொலம்பியாவை 2-1. அந்த இரண்டாவது கோலைத் திரும்பப் பாருங்கள்: ராமோஸ் பின்வரிசைக்குப் பின்னால் தட்டிவிட, ஸ்டீவர்ட் சரியான நேரத்தில் ஓடி எடுத்தார். இது சுவர் இல்லை.

ஆஃப்சைடு கொடி

அது நியாயம், ஏற்கிறேன். நைஜீரியா அதற்கு நேர் எதிர். தாக்குகிற திறமை ஏற்கெனவே கொட்டிக்கிடந்தது, ஸ்பெயினை 3-2 என்று வென்ற ஆட்டம் ஒன்றே சாட்சி (ஒலிசே வெகுதூரத்திலிருந்து அடித்தது!). குரூப்பில் முதலிடம் உறுதியானதும் பராகுவேயுடனான ஆட்டத்தில் தன் அணியின் ஆட்களை மாற்றினார், 3-1 தோல்வி. ஓட்டம் அறுந்துவிட்டது. அடுத்த சுற்றில் டென்மார்க் 12 நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டது, கடைசியில் 4-1. அந்த அணிக்கு அவர் கட்டுப்பாட்டைக் கொண்டுவரவில்லை என்பது என் வருத்தம்.

மூன்றாவது_கோல்கீப்பர்

சீனாவைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஜப்பானும் கொரியாவும் போட்டியை நடத்தியதால் தகுதிச் சுற்றில் இல்லை, வழி திறந்தது. 2001 அக்டோபர் 7, ஷென்யாங்கில் ஓமனை 1-0. சீனா உலகக் கோப்பைக்குப் போனது அந்த ஒரு முறைதான். அங்கே மூன்று தோல்வி, ஒன்பது கோல் வாங்கி ஒன்றும் போடவில்லை. முதல் ஆட்டத்திலேயே சுன் ஜிஹாய் காயமடைந்து வெளியேறினார்.

அந்த முதல் ஆட்டம் யாருடன் தெரியுமா? கோஸ்டாரிகா, 2-0. அவர்களுடைய கோச் கிமராயஸ், 1990-ல் இத்தாலியில் போராவின் அணியில் ஆடியவர்.